முசியேவின் நிலா வாட்சை நான் பத்து நாள் ஓட்டியது

எனக்கு வயசு எழுபத்தொன்று. பெற்றது நாலு, தங்கச்சி பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது ஆறு. பேர் எழுதுவேன், தினசரி காலண்டர் பார்ப்பேன், அதுக்கு மேல் படிப்பில்லை. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் யாரும் பார்க்காத ஒரு வேலையை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

பிரான்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி வந்த ஒரு முசியே வீட்டில் எனக்குச் சமையல் வேலை. ஐயாவை முசியே என்றும் அம்மாவை மதாம் என்றும்தான் அங்கே பிரெஞ்சு வழக்கப்படி கூப்பிட வேண்டும். உழவர்கரையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் போவேன். அவரிடம் ஒரு வாட்ச் உண்டு. தேதி, கிழமை, மாசம், லீப் வருஷம் எல்லாம் அதில் தானாக மாறும். நடுவில் குட்டியாக ஒரு நிலா, வளரும், தேயும். பேட்டரி கிடையாது. கை ஆட ஆடத்தான் சாவி ஏறும். கழற்றி வைத்தால் மூன்று நாளில் நின்றுவிடும். வாங்கின நாளிலிருந்து அது நின்றதே இல்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை.

அவர் கட்டாத நாளில் அதை வைத்துச் சுற்ற ஒரு கரண்ட் பெட்டி இருந்தது. பேத்தி ஞானஸ்நானத்துக்கு அவரும் மதாமும் பாரிசுக்குக் கிளம்புகிற அன்று பார்த்து அந்தப் பெட்டி புகைந்துவிட்டது. வாட்சைக் கட்டிக்கொண்டு போகக் கஸ்டம்ஸ் பயம். முசியே என் கையையே பார்த்தார்.

“தனம், உன் கை சும்மாவே இருக்காதே?”

“அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க.”

“மொந்தியே!” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு மதாம் தலையில் கை வைத்தார்கள். “இவ அதையும் போட்டுத் துவையல் அரைச்சிடுவா. ரெண்டு நாள் தாங்காது.”

அந்த ஒரு பேச்சுக்காகவே கையை நீட்டினேன். “பத்து நாளும் நிக்காம ஓட்டிக் காட்டறேன். நின்னுச்சுன்னா நான் இந்த வீட்டு வாசப்படி ஏறல.”

வாட்ச் ஓட்டுவதில் நான் கற்றது: வலது கையில் கட்ட வேண்டும். தேங்காய் துருவினால் நன்றாக ஏறும். பெருக்கினாலும் ஏறும். சீரியல் பார்த்தால் ஏறாது. பாத்திரம் தேய்க்கையில் பாலித்தீன் கவர் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று சீரியல் பார்த்தபடியே கையை வீசிக்கொண்டிருந்தேன். மருமகள் விபூதித் தட்டோடு ஓடி வந்தாள்.

“அத்த, சாமி வந்துடுச்சா?”

“வாட்சுக்குச் சாவி குடுக்கறேன்டி. போய் உலையப் பாரு.”

எட்டாம் நாள் அமாவாசை. என் வீட்டுக்காரருக்குப் படைக்கக் குளித்துவிட்டு வந்து பார்த்தால், வாட்சில் மட்டும் இன்னும் ஒரு கீற்று நிலா பாக்கி. சுவரில் காலண்டர் அமாவாசை என்கிறது. காலண்டர் தப்பாக இருக்குமா? வாட்ச் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி உண்டு. அதில் முசியே குச்சி வைத்து அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். முந்தானை ஊக்கை எடுத்து ஒரு அழுத்து. நிலா மறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். நன்றாக உட்காரட்டும் என்று இன்னொரு அழுத்து. அந்தப் பக்கம் புதுப்பிறை எட்டிப் பார்த்தது!

பின்னால் தள்ள வழி கிடையாது. முன்னாலேதான் போகும். ஒரு மாசத்தையே சுற்றி வருவதென்று உட்கார்ந்தேன். அழுத்தினேன், அழுத்தினேன், பாதி வழியில் பௌர்ணமி வந்தது. தங்கத் தகட்டில் அப்படி ஒரு நிலா. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். மறுபடி தேய்த்து அமாவாசையில் நிறுத்தும்போது சோறு அடிபிடித்திருந்தது.

பத்தாம் நாள், மூன்றாம் பிறை அன்றைக்குச் சாயந்திரம் முசியே மதாமோடு வந்து இறங்கினார். பெட்டியைக் கூட இறக்கவில்லை, பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றார். “ஓடுது!” என்றார். அடுத்த நொடி முகம் மாறியது.

“தனம், நிலா ஒரு நாள் முன்னாடி இருக்கே?”

“உங்க வாட்ச் பின்னாடி இருந்துச்சு. நான்தான் காலண்டர் பார்த்துச் சரி பண்ணேன்.”

“எதால?”

“ஊக்கால.”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மதாம், “நான் அப்பவே சொன்னேன்” என்றார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “மேல வாங்க முசியே. உங்க கணக்குப்படி இன்னைக்கு வானத்துல நிலாவே தெரியக் கூடாது. தெரியலன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கறேன். இத்தன வருஷத்துல ஒரு தரமாவது மேல ஏறி ஒத்துப் பார்த்தீங்களா?”

பார்த்ததே இல்லையாம்! நிலா வாட்ச் வைத்திருக்கிற மனுஷன்.

மாடிக்குப் போனோம். மேற்கே மேகம். அவர் பக்கம் திரும்பவே எனக்குப் பயம். நின்றோம், நின்றோம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் மேகம் விலகியது. நகத்துண்டு மாதிரி ஒரு பிறை. அவர் வாட்சைத் தூக்கி அதுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒன்று போலவே இருந்தது.

“நீதான்மா சரி” என்றார். வாட்சைத் திருப்பிப் பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சக்கரங்களைக் காட்டினார். உள்ளே ஒரு சுருள்கம்பி குருவி நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

கீழிருந்து மதாம் கத்தினார்கள். “மணி என்னாச்சு? சாப்பிட வேணாமா?”

கையில் வாட்சை வைத்துக்கொண்டே நாங்கள் இருவரும் அதில் மணியை மட்டும் பார்க்கவில்லை.

“போன் கீழ இருக்கு, பார்த்துக்கோ!” என்றார் முசியே.

வேலைக்குப் போகிற பெண்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு பொருள் எதுக்கு உதவும் என்று உடனே கேட்காதீர்கள். பத்து நாள் கையில் கட்டிப் பாருங்கள். ஊக்கை மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும் கீர்த்தனா, கை வலிக்கும். முதலிலிருந்து படி, ஆயா கேட்கிறேன். நான் ஜெயித்த இடத்தை இரண்டு தரம் படி.