தேனீ நாக்கை நீட்டாத சனிக்கிழமை

மேனேஜரிடம் நல்ல பேர் வாங்கிவிடலாம். பூச்சியிடம் வாங்குவது மகா கஷ்டம். பஸ்ஸில் நசுங்கி வேலைக்குப் போகும் சகோதரர்களே, அறுபதுகளில் பம்பாய்ச் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் தற்காலிக உதவியாளன். தேனீக்கு வாசனை பழக்குவது என் வேலை.

என்ன உத்தியோகம்?

தலை மட்டும் வெளியே தெரியும்படி தேனீயைச் சின்னக் குழாயில் நிறுத்துவேன். கிராம்பு வாசனையை ஊதிவிட்டு, உடனே ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன். சில தடவைக்குப் பிறகு வாசனை வந்ததுமே நாக்கை நீட்டிவிடும். ஏலக்காய் வாசனைக்கு நீட்டாது. இதைத் தாராவியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் பெருமையாக விளக்கினேன். அவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்ப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க தோல் கிடங்குக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாரும் வே. நாக்கை நீட்டுதா, மூக்கைப் பொத்துதான்னு பாப்போம்."

மூளை எவ்வளவு?

இந்த ஆராய்ச்சியை நடத்திய எங்கள் டாக்டர் மாதுங்காக்காரர். தேனீயின் உணர்கொம்பில் ஒரு வாசனைக்கு ஒரு நரம்பு என்று கிடையாதாம். பல நரம்புகள் சேர்ந்து குரல் கொடுக்கும். எவையெவை சேர்ந்தன என்பதை வைத்து மூளை இனம் கண்டுகொள்ளும் என்பார். "கடுகளவுகூட இல்லாத மூளைக்கு இவ்வளவு சாமர்த்தியமா சார்?" என்றேன்.

"ஆத்துல சாம்பாரா வத்தக்குழம்பான்னு தெருக்கோடியிலேயே சொல்லிடறோமே, அதுக்குப் பெரிய மூளையா வேணும் ஓய்?"

சீயக்காய்

ஒரு சனிக்கிழமை டைரக்டர் பார்வையிட வந்தார். தேனீக்கள் ஒழுங்காக நாக்கை நீட்டினால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி. நல்ல காரியமாயிற்றே என்று என் மனைவி காலையில் என்னை உட்காரவைத்து, சீயக்காய் அரக்கித் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியிருந்தாள்.

டைரக்டர் முன்னால் கிராம்பு வாசனையை ஊதினேன். தேனீ அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. எல்லாம் மௌன விரதம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் என் பரட்டைத் தலையை உற்றுப் பார்த்தார்.

"தேங்காயெண்ணெய் எங்கே ஓய்?"

பரிகாரம்

தினமும் தலை வழிய எண்ணெயோடு தேனீக்கள்மேல் குனிந்தவன் நான்தான். அவை பழகியது கிராம்பும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த வாசனை. வெறும் கிராம்பு அவற்றுக்கு வேறு வாசனை. டாக்டரே வாசல் கடைக்கு ஓடிப்போய் எண்ணெய் வாங்கிவந்து, என் உச்சியில் வைத்துத் தேய்த்தார். குனிந்து ஊதினேன். வரிசையாக நாக்குகள்! இத்தனை நுணுக்கமாகப் பிரித்தறிகின்றன பாருங்கள் என்று டாக்டர் விளக்க, மராட்டிக்காரரான டைரக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி ஏதோ சொன்னார். டாக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்:

"உம்மைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்றார் ஓய். எண்ணெய்ச் செலவும் ஆபீஸோடதாம்."

தலையால்தான் வேலை நிரந்தரமாயிற்று என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். உள்பக்கத்தாலா வெளிப்பக்கத்தாலா என்று மட்டும் சொல்வதில்லை.