வளையல் சுற்றிய போஸ்டர்

செல்வகுமாருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது நான்தான். பாரிவாக்கத்தில் யார் செத்தாலும் என் டிடிபி கடைக்குத்தான் வருவார்கள். யாருக்குக் கல்யாணம் என்றாலும் அங்கேதான் வருவார்கள். காலையில் மாலையும் கழுத்துமாகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து முடித்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் மத்தியானம் கண்ணீர் வடிக்கும் கண்களை ஒட்டிக்கொண்டிருப்பேன். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்குச் சாவு கண்டு பெரிய பயமும் கிடையாது, கல்யாணம் கண்டு பெரிய மயக்கமும் கிடையாது.

செல்வகுமார் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஷிஃப்ட் முடிந்து வரும்போது பூந்தமல்லி பைபாஸில் லாரி அடித்துவிட்டது. அவனுடைய கூட்டாளிகள் அழுதுகொண்டே வந்து தேவைக்கு மேல் போஸ்டர் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவனிடம் கணக்கு பேச முடியாது என்பதால் அடித்துக் கொடுத்தேன். தெருவிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினார்கள். ஒட்டியது போக மிஞ்சியதைச் சுருட்டி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த எல்லா வீட்டிலும் இப்படி ஒரு சுருள் இருக்கும். குப்பையில் போட மனசு வராது. பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போடவும் முடியாது, கொளுத்தவும் முடியாது. அது கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும். செல்வகுமாரின் மனைவி வனஜா வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது.

வனஜா ஆன்லைனில் வளையல் விற்கிறாள். வளைகாப்புக்கென்றே செட் செட்டாக. சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடி வளையல், நடுவில் பட்டு நூல் சுற்றிய வளையல் ஒரு ஜோடி. இதை ஆரம்பித்து வைத்ததே செல்வகுமார்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைக்குப் போய் வண்டியில் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வருவான். கடைக்கு ‘செல்வா வளையல்’ என்று பேர் வைத்ததும் அவன்தான். வனஜாவின் வளைகாப்பில் அவனே எடுத்த படத்தைத்தான் ஆன்லைன் கடையின் பக்கத்தில் போட்டிருந்தான். தலை நிறையப் பூ, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், யாரோ எதற்கோ கேலி செய்ய அவள் சிரிக்கிற மாதிரி இருக்கும். அவன் போன பிறகும் அந்தப் படம் மாறவில்லை.

அவள் பார்சல் கட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டஜனையும் தாளில் உருட்டி, இரண்டு முனையையும் முறுக்கி, பெட்டிக்குள் அடுக்கி, மூடி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் அத்தனையும் பிரித்து மறுபடி கட்டுவாள். அவள் அனுப்பிய வளையல் உடைந்து போனது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

புருஷன் போனவளை வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வளையல் போட விட மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படித்தான். ஒருநாள் என் கடை வாசலில் நின்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“ஊட்டுக்குள்ள வராதன்றாங்கோ. ஆனா நான் கட்ன வளையலு ஊரு ஃபுல்லா வளைகாப்புல போய் குந்திகினு கீது. பார்சலுக்கு இன்னாண்ணே தெரியப் போவுது.”

நானும் சிரித்தேன். அது தெரிய வரும் என்று அன்றைக்கு இருவருமே நினைக்கவில்லை.

அந்த வாரம் வரிசையாக முகூர்த்த நாள். ஆர்டர் குவிந்து கிடந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு கரண்ட்டும் போனது. பார்சல் எடுக்கிற வண்டி வெளியே நின்று ஹாரன் அடிக்கிறது. சுற்றுவதற்கு வைத்திருந்த தாள் தீர்ந்துவிட்டது. வனஜா கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். பார்சலுக்கென்று பழைய பேப்பர்காரனிடம் வாங்கிப் போட்ட கட்டு ஒரு பக்கம், போஸ்டர் சுருள் ஒரு பக்கம். இருட்டில் கைக்கு வந்ததை உருவினாள். போஸ்டருக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் அவள் பார்த்தாள். பழைய பேப்பர்காரன் நல்ல தாளாக ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கிறான் என்று நினைத்தாளாம். வெள்ளைப் பக்கம் வெளியே இருக்கும்படி வளையலை உருட்டி, முனையை முறுக்கி, பெட்டியில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் போனைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். “நீ பட்ச்சிட்டு நான் பட்ச்சது சரிதானான்னு சொல்லுண்ணே” என்றாள்.

ஒற்றை நட்சத்திரம். கீழே இப்படி இருந்தது: ‘வளையல் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் என் மகளின் வளைகாப்பில், எல்லாரும் பார்க்கத் தாம்பாளத்தில் வைத்துப் பிரித்தபோது உள்ளே இறந்தவர் படம் போட்ட போஸ்டர். பெயர் செல்வகுமார், மனைவி வனஜா என்று இருக்கிறது. பார்சல் அனுப்பியவர் பெயரும் வனஜா. கணவனை இழந்தவள் பூவும் பொட்டுமாகப் படம் போட்டு ஏமாற்றி, தன் கையால் கட்டிய வளையலைக் கர்ப்பிணிகளுக்கு விற்கிறாள். யாரும் வாங்காதீர்கள்.’

அதற்குக் கீழே ஒரு படம். கசங்கிப் பிரிந்த போஸ்டர். முறுக்கிய மடிப்பு செல்வகுமாரின் வாய்மேல் குறுக்காக ஓடியிருந்தது. இரண்டு ஓரத்திலும் நான் ஒட்டிய கண்ணீர்க் கண்கள்.

“அவரு மூஞ்சிய நானே முறுக்கிட்டேண்ணே” என்றாள்.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். பணத்தைத் திருப்பி அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஆன்லைன் கம்பெனிக்குப் போன் செய்தால், வாங்கினவர் தன் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார், விதிப்படி எடுக்க முடியாது மேடம் என்று ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். இதற்குள் வந்திருந்த ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ரத்தாகின. புதிதாகக் கேட்பவர்கள் விலையைக் கேட்கவில்லை, ‘பேக் பண்றது யார்?’ என்று கேட்டார்கள். அவளுக்கும், பள்ளிக்கூடம் போகிற மகள் சுவேதாவுக்கும் சோறு போடுவது அந்தக் கடை ஒன்றுதான். வேறு வழி கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “நான் பதில் அடிக்கிறேன் பாரு. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி அடிக்கிறேன்” என்று கீபோர்டை இழுத்தேன்.

“வேணாம்ணே. தப்பு என்து.”

“போஸ்டர சுத்துனது தப்பு. ஒத்துக்கிறேன். புருஷன் செத்தது உன் தப்பா?”

“ரெண்டும் ஒரே பேப்பர்ல தான போச்சு” என்றாள். “அவங்க எப்டி பிரிச்சிப் பாப்பாங்க?”

பார்சலில் இருந்த விலாசம் திருமழிசை. எழுதியதை எடுக்கச் சொல்லி நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்றாள். நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஊர் எஸ்டேட் கம்பெனிகளைத் தாண்டிப் பழைய தெருவுக்குள் புதிதாகக் கட்டிய மாடி வீடு. கேட்டுக்கு உள்ளே ஒரு அம்மாள் வந்து நின்றார். அவர்தான் அதை எழுதிய தாட்சாயிணி. வனஜா பேரைச் சொன்னதும் கேட்டைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

பத்ரகாளியை எதிர்பார்த்துப் போனவன் நான். அந்த அம்மாள் மாடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“எம்மேல கோவம் இருக்கும்மா ஒனக்கு. எனக்கு ஒம்மேல கோவம் இல்ல, பயம்தான்” என்றார். “எம் பொண்ணு கிருஷ்ணப்பிரியாவுக்கு இதுக்கு முன்னாடி ரெண்டு தபா கலஞ்சிடுச்சு. இது தங்கணும்னு நான் ஏறாத கோயில் இல்ல. அன்னிக்கு அத்தப் பிரிச்சதும் அவ அப்டியே சோர்ந்து உக்காந்துட்டா. சம்பந்தி வீட்டு ஜனம் பாதிப் பேரு சாப்டாமயே எழுந்து போய்ட்டாங்க.”

“தெரியாம நடந்துபோச்சும்மா. கரண்ட் இல்ல. இருட்டு.”

“சரி, பேப்பர் இருட்டுல மாறிச்சு. பூ வெச்சிகினு படம் போட்டிருக்கியே, அது எந்த இருட்டுல?”

“அது அவரு எடுத்த படம்மா” என்றாள் வனஜா.

நான் வாயைத் திறந்தேன். வனஜா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். மாடி கிரில்லுக்குப் பின்னால் அந்தப் பெண் கிருஷ்ணப்பிரியா வந்து நின்றிருந்தாள். வளைகாப்பில் போட்ட வளையலைப் பிரசவம் வரை கழற்ற மாட்டார்கள். கம்பியைப் பிடித்திருந்த அவள் கை இரண்டும் மொட்டையாக இருந்தன. வனஜா அதைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம்.

தாட்சாயிணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒம் பொழப்பக் கெடுக்கணும்னு இல்லம்மா. நாளைக்கு வேற ஒரு பொண்ணுக்கு இப்டி ஆவக் கூடாது. சுமங்கலி யாராச்சும் கட்டட்டும். பேர மாத்து, படத்த மாத்து. மாத்துன அன்னிக்கே நான் எழுதனத எடுத்துடறேன்.”

வரும் வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இவர்கள், கையில் போன் இருந்தால் போதுமா, புத்தி வேண்டாமா என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே முழங்கினேன். நசரத்பேட்டை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து வனஜா கேட்டாள்.

“அண்ணே, சரசா அண்ணி படம் ஒண்ணு குடுப்பியா?”

சரசா என் மனைவி. சிக்னல் விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை, பின்னால் வந்த பஸ்காரன்தான் ஹாரன் அடித்து நகர்த்தினான்.

சரசா என்னைவிடத் தேவலை. “படம்தான, குடுத்துட்டுப் போ” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஆடித் திருவிழாவில் எடுத்த படம், நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. அதைக் கடைப் பக்கத்தில் ஏற்றினேன். ‘செல்வா வளையல்’ என்பதை அழித்து ‘சரசா வளையல்’ என்று அடித்தேன். ‘சுமங்கலிப் பெண்களின் கையால் கட்டப்பட்டது’ என்று கீழே ஒரு வரி. அனுப்புநர் விலாசம் என் கடை விலாசம். பழைய படத்தை நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் வனஜாவைப் பார்த்தேன். அவள் தெருப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

“கேக்காத. அடி” என்றாள்.

தாட்சாயிணி சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே எடுத்துவிட்டார். ஒற்றை நட்சத்திரத்தோடு செல்வகுமாரின் கசங்கிய முகமும் போனது. மறுநாள் வனஜா மிச்ச போஸ்டர் சுருளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். “உன் கடைல வெச்சிக்கண்ணே. ஊட்ல இருந்தா மறுபடி கை போவும்.” கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் வைக்கிற அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எனக்கும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

கிருஷ்ணப்பிரியாவுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்பது தெரியாது. வனஜா சில நாள் அதைப் பற்றிக் கேட்டாள். எனக்குப் போய் விசாரிக்கத் துணிவில்லை. அவளும் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆர்டர்கள் திரும்ப வந்துவிட்டன. முன்பைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். கட்டுவது இன்றைக்கும் அவள்தான். சுமங்கலிக்குச் சம்பளம் கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கட்டுகிறாள், பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறாள், என் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள். வண்டிக்காரனிடம் சரசா எடுத்துக் கொடுக்கிறாள்.

போன வாரம் ஆவடியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். ஐந்து நட்சத்திரம். வனஜா என் எதிரே உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படித்தாள். ‘எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எல்லாம் உங்கள் கைராசி அம்மா. உங்கள் முகத்தைப் பார்த்தாலே லட்சுமி மாதிரி இருக்கிறது.’

படித்து முடித்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாள் கிழித்த கோடுகள் விரலெல்லாம் இருந்தன.

“பதில் போடணுமேம்மா” என்றேன். “இன்னா போடட்டும்?”

“நன்றின்னு போடு” என்றாள். “கீழ சரசான்னு போடு.”

போட்டேன்.