பந்தியைத் தாண்டி ஓடிய பிளேயர்

பரணிலிருந்து எடுத்த டிவிடி பிளேயரை என் மகள் பிளக்கில் சொருகி பட்டனை அமுக்கினாள். கரகரவென்று தட்டு வெளியே வந்தது. அந்தச் சத்தம் என்னைத் தென்காசிக் கடைக்கு இழுத்துப் போனது.

பட்டாளத்துக்குப் போன அண்ணன் இறந்த வருஷம் அது. நான் ஏழாவது படித்தேன். அக்காவின் கல்யாண டிவிடியில் மட்டும்தான் அவன் நடமாடினான், பந்தியில் சாம்பார் வாளியோடு. சரியாக அங்கேதான் டிஸ்க்கில் கீறல். கடையில் அப்பா அதைப் போட்டுப் பார்த்த விலை கூடிய பிளேயர்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்றுபோயின.

"வேற டிஸ்க்கப் போட்டுப் பாப்பமா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம். இது எதுல ஓடுதோ அதக் குடும்," என்றார் அப்பா.

இருப்பதிலேயே மலிவானதில் அண்ணன் குனிந்து பரிமாறினான்.

வீட்டில் அப்பா தினமும் பார்ப்பார். பந்தி வரும்போது அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்போது தட்டு காலியாக இருந்தது.

"டிஸ்க் எங்கம்மா?" என்று கட்டிலில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஒங்க அப்பா நெஞ்சு மேல வச்சுத்தாம்லே சுடுகாட்டுக்கு அனுப்புனேன்."