பால் கொடுக்க மறுத்த பொமரேனியன்

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் பொமரேனியன் நாய் மேல் ஒரு பைத்தியம் பரவியிருந்தது. லாட்ஜ் நடத்துகிறவர், மளிகைக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஆளாளுக்கு வெள்ளையாக, புசுபுசுவென்று ஒரு நாய் வேண்டும். நான் அப்போது ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். சேலத்திலிருந்து வாங்கி வந்த பெண் நாய் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது. அது சினையான செய்தி எப்படியோ பரவி, பார்க்கிறவர்கள் எல்லாம் குட்டி கேட்டார்கள். எத்தனை போடும் என்று தெரியாமலே ஐந்து பேருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிரசவத்துக்கென்று ஒரு மரப்பெட்டியை இழைத்து, உள்ளே பழைய போர்வையை மடித்துப் போட்டு, முன்னறையில் ஜன்னலோரம் வைத்தேன். நாய் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்த் தரையைப் பிறாண்டியது. விறகு அடுக்கியிருந்த சந்துக்குள் புகுந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் தூக்கி வந்து பெட்டியில் விட்டேன். நான் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்த பெட்டி இருக்க, அதற்கு விறகுச் சந்து கேட்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை ஐந்து குட்டிகள் போட்டது. சரியாக ஐந்து. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆபீசுக்குப் போகிற வழியில் எல்லோரிடமும் சொன்னேன். அன்று சாயங்காலத்துக்குள் குட்டி கேட்டிருந்த ஐந்து குடும்பமும் பிள்ளைகளோடு வந்து நின்றன. ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். இது எங்களுக்கு, அது உங்களுக்கு என்று பங்கும் பிரித்தாகிவிட்டது. நாய் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பார்த்தது. அவர்கள் போனதும் பெட்டியை விட்டு இறங்கி, அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது தானாக அந்தப் பெட்டிக்குள் கால் வைக்கவில்லை.

குட்டிகள் கத்தின. கொண்டுபோய் அதன் மடியில் வைத்தால் உறுமியது. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி குட்டிகளைக் காம்பில் சேர்ப்பாள். பத்து நிமிஷம் பொறுக்கும். பிறகு ஒரே உதறலில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எழுந்து போய்விடும். முதல் நாளே ஒன்று செத்தது. மறுநாள் இன்னொன்று. மிச்சமிருந்த மூன்றுக்கு ஆட்டுப்பாலைக் காய்ச்சி, பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினோம். பாதி மூக்கில் ஏறித் தும்மும். குளிருக்கு வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். அது ஆறுவதற்குள் மறுபடி அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். விறகோ ஈரம்.

இவ்வளவுக்கும் நடுவில் தாய்க்காரி தன் தட்டுச் சோற்றை மட்டும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். மூன்றாம் நாள் குட்டி ஒன்று உருண்டு அவள் பக்கமாகப் போனது. அவள் எழுந்து இரண்டடி தள்ளிப் படுத்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த துண்டைச் சுழற்றி அடித்துவிட்டேன்.

"ஏனுங்க, அடிச்சாப் பால் குடுக்குமா?" என்று என் மனைவி கத்தினாள். "பெத்த அன்னிக்கே ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கூட்டியாந்து காட்டுனது யாரு? அது உங்களக் கேட்டுச்சா?"

அவள் மேல் வந்த கோபமும் நாயின் மேல்தான் போய்ச் சேர்ந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர், "தலைச்சன் ஈத்துல சிலது இப்படித்தான். பால் இருக்கற வேற நாய் கிடைச்சாப் பாருங்க" என்றார். எங்கள் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்க வருகிற கரடியூர்க்காரப் பெண் ஒருத்தி, தன் வீட்டு நாட்டு நாய் குட்டி போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். மூன்று குட்டிகளையும் மூங்கில் கூடையில் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"கூடைல என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"பழம்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பழம் மூன்றும் கத்தின. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரடியூரில் அந்த நாட்டு நாய், ராகித்தாள் குவித்திருந்த கொட்டகையில், தன் இரண்டு குட்டிகளோடு கிடந்தது. காது கிழிந்த, விலா எலும்பு தெரிகிற செம்பட்டை நாய். அந்தப் பெண் அது படுத்திருந்த சாக்கை உருவி, என் குட்டிகளை அதில் நன்றாகப் புரட்டினாள். பிறகு அதன் குட்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகினாள். நாய் மோந்தது. அது மூன்றையும் தலை முதல் வால் வரை நக்கிவிட்டுக் காலை அகட்டிக் கொடுத்தது.

"அவ்வளவுதானுங்க. போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். போர்வையும் பெட்டியும் கொடுத்தவனுக்கு இல்லாதது, இந்தக் கொட்டகையில் கேட்காமலே நடக்கிறது. வீடு திரும்பினால் எங்கள் மகராணி என் நாற்காலியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, மிஞ்சிய மூன்றையாவது சொன்னவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று அதே கூடையோடு கரடியூர் போனேன். செம்மண் படிந்து, வெள்ளை எது பழுப்பு எது என்று தெரியாமல், மூன்றும் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் குரைத்தன. ஒன்றைத் தூக்கக் குனிந்தேன். செம்பட்டை நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து என் பேண்ட்டைக் கவ்வி முழங்கால் வரை கிழித்தது. குட்டிகள் விறகுக் குவியலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டன.

அந்தப் பெண் நாயைப் பிடித்துக் கட்டினாள். "நொம்பப் பாசமுங்க அதுக்கு. வுட்டுட்டுப் போங்களேன். இப்ப எங்கூட்டு நாயிங்களாட்டம் ஆயிருச்சுங்க."

"ஏம்மா, அதெல்லாம் என் நாய் போட்ட குட்டி. அஞ்சு பேருக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்க சொல்லி வெச்சது அதுங்களுக்குத் தெரியாதுங்களே" என்றாள். கேலியாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

விடாப்பிடியாக ஒன்றை மட்டும் பிடித்து வந்து வாத்தியார் வீட்டில் கொடுத்தேன். ஒரு வாரம் ஓயாமல் ஊளையிட்டது என்று வாத்தியார் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். "பொமரேனியன்னு சொன்னீங்களேங்க, இது தெரு நாய்க் கொணமால்ல இருக்குது" என்றார். என் வீட்டில் பெற்றவளிடம் விட்டுப் பார்த்தேன். அவள் அதை யாரோ வழிப்போக்கனைப் போலப் பார்த்துக் குரைத்தாள். மறுநாள் மறுபடியும் பஸ், மறுபடியும் கூடை. குட்டி கரடியூருக்கே போய்ச் சேர்ந்தது. மளிகைக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். லாட்ஜ்காரர் சேலத்தில் வேறு குட்டி வாங்கிக்கொண்டு, அதை என் வீட்டு வழியாகவே நடத்திக் கூட்டிப் போனார்.

இதெல்லாம் ஓய்ந்து அடுத்த ஆடி மாதம். எங்கள் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வயிறு கனத்து, மடியில் பால் கட்டியிருந்தது. எந்த ஆண் நாயோடும் சேரவிடவில்லை என்பது எனக்கு நிச்சயம். டாக்டரிடம் கேட்டேன். "பொய்ச் சினை. சில நாய்க்கு வரும், ரெண்டு மூணு வாரத்துல தானாப் போயிடும்" என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பினால் என் கம்பளிக் குல்லாவைக் காணோம். வெளியே மூடுபனி. தேடிக்கொண்டு போனால், கட்டிலுக்கு அடியில் அவள் குல்லாவை வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தாள். அதை நக்கினாள். மூக்கால் தள்ளித் தள்ளித் தன் காம்புக்குப் பக்கமாக நகர்த்தினாள். அது நழுவியபோது மெதுவாகப் பல்லில் கவ்வித் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து உயிருள்ள குட்டிகளுக்கு ஒரு தடவைகூடச் செய்யாததையெல்லாம் ஒரு கம்பளித் துணிக்குச் செய்துகொண்டிருந்தாள்.

கையை நீட்டினேன். பல்லைக் காட்டி உறுமினாள். அப்படியொரு உறுமலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

"ஒரு குல்லாவுக்கா சண்டை போடறீங்க, வுடுங்க" என்றாள் என் மனைவி.

தரையில் மண்டியிட்டபடி அந்த நாயைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை, வெகுநேரம் திட்டினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் குல்லாவின் ஓரத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.