தாம்பரத்தில் ஒரு பல்கேரிய நோட்டு

தாம்பரம் ஸ்டேஷனில் காலை பத்து மணி. எலக்ட்ரிக் டிரெயின் தாமதம். பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். மடியில் பழைய நோட்டு ஒன்று. பல்கேரியாவின் சோபியா நகரத்துக்குப் படிக்கப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட தம்பி, முதல் வருடம் பல்கேரிய மொழி கற்றபோது எழுதியது. போன மாதம் அவர் அங்கே இறந்துவிட்டார். மனைவியும் ஐந்து வயது மகளும் இன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். குழந்தைக்குப் பல்கேரிய மொழி மட்டுமே தெரியும்.

“கொஞ்சம் கேள்வி கேளுங்க சார்” என்று நோட்டை நீட்டுகிறார்.

பெயர்ச்சொற்கள் மூன்று பத்திகளாக, தமிழ் எழுத்தில். மெய்யெழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். ‘ஆ’ என்று முடிந்தால் பெண்பால். ‘ஓ’ என்று முடிந்தால் இரண்டும் இல்லை.

“தண்ணி?”

“வோதா. பெண்பால். அந்தத் தண்ணின்னா வோதாத்தா. ‘அந்த’ கடைசியில வந்து ஒட்டிக்கும்.”

“அத்தை?”

“லேல்யா. அது நான்தான்.”

ஆண்பால் பத்தியின் அடியில் ‘தாத்கோ: அப்பா’ என்று இருக்கிறது. ‘ஓ-வில் முடிந்தாலும் ஆண்பால்’ என்று பக்கத்தில் சிவப்பு மையில் குறித்திருக்கிறார் தம்பி.

“அப்பா?”

அவர் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்.

“மறந்துடுச்சாம்மா?”

“இல்ல சார். அப்பா முன்னாடியே மெட்ராஸ் போயிட்டாருன்னு சொல்லித்தான் அவளைக் கூட்டிட்டு வர்றாங்க. என்னைப் பார்த்ததும் அவ முதல்ல கேக்கப்போறது அந்த வார்த்தைதான்.”

வண்டி வருகிறது. எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள்.

“தண்ணி கேளுங்க சார்” என்கிறார். “இன்னொரு தடவை.”