இது ஒரு உப்புதான்

"இது ஒரு உப்புதாம்மா, பயப்படாதீங்க" என்று டாக்டர் சொன்ன அன்று நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ராயப்பேட்டையில் தன் வீட்டு முன்னறையிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்த மனநல மருத்துவர் அவர். மருந்தின் பெயர் லித்தியம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்திவந்தவள் நான். தனிமங்களின் அட்டவணையில் மூன்றாவதாக இருக்கும் அதை மனிதர்கள் விழுங்குவார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி.

விழுங்க வேண்டியவன் என் தம்பி. அப்பா அம்மா போன பிறகு மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவன் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திர பாகங்களை மசியில் வரைவான். அவன் கோடு இழுக்கும்போது நான் பக்கத்தில் மூச்சுகூட விடமாட்டேன், அவ்வளவு சுத்தமான கை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அவன் கால் தரையில் பாவாது. தூக்கம் போய்விடும், பேச்சு நிற்காது. ஒருமுறை பனகல் பார்க் பக்கத்தில் பூக்காரிகளிடம் இருந்த மல்லிகையை எல்லாம் வாங்கி, நின்ற பஸ்களில் ஏறி முன்பின் தெரியாத பெண்களுக்கு நீட்டினான். இப்போது சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. அன்று ஒரு பெண்ணின் கணவர் அவனைக் கன்னத்தில் அறைந்தார். அந்தக் கூத்தெல்லாம் ஓய்ந்தால், அடுத்த மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான்.

முதலில் கொடுத்துவந்த மாத்திரைகள் ஆட்டத்தை அடக்கின. கூடவே அவனையும் அடக்கிவிட்டன. வாயோரம் எச்சில் வழியும், நடந்தால் கை வீசாது, வரைபலகை மேலேயே தூங்கிவிடுவான். அதனால்தான் டாக்டர் லித்தியத்துக்கு மாற்றலாம் என்றார். அளவு குறைந்தால் பயனில்லை, கொஞ்சம் கூடினால் விஷம், அதனால் மாதாமாதம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார். விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவர் உப்பு என்று சொல்லித் தேற்றினார்.

எட்டு மாதம் தம்பி தம்பியாக இருந்தான். என் ரசத்தைக் கிண்டல் செய்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றோம். ஒருமுறை என்னைத் தண்ணீருக்குள் இழுத்துப் புடவையை நனைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். திட்டினேன். உள்ளுக்குள் பூரித்துப் போனேன். இந்தச் சிரிப்பு நிலைக்க வேண்டும், அதற்கு என்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதுதான் வினையாயிற்று.

எங்கள் வீட்டில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. எனக்குக் காமாலை வந்தபோது அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, நாற்பது நாள் உப்பில்லாத மோர்சாதம் போட்டாள். இந்த டாக்டர் பத்தியமே சொல்லவில்லை. இங்கிலீஷ் மருந்துக்காரர்களுக்குப் பத்தியம் எங்கே தெரியும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மாத்திரையும் உப்பு, சாம்பாரிலும் உப்பு. கூடினால் விஷம். அப்படியானால் சாம்பாரில் குறைப்பதுதானே புத்திசாலித்தனம்? படிக்காதவள் என்றால் டாக்டரிடம் கேட்டிருப்பாள். நான் விஞ்ஞான டீச்சர், கேட்கவில்லை. சித்திரை பிறந்ததும் அவன் சாப்பாட்டில் உப்பைப் பாதியாக்கினேன், பிறகு அறவே நிறுத்தினேன். ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறியது. அவன் முகத்தைச் சுளித்தபடி சாப்பிட்டான். நான் சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாதவன்.

உடம்பு நன்றாக இருந்ததால் அந்த மாதம் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டோம். அக்கினி நட்சத்திர வெயிலில் அவனுக்குக் கை நடுங்கியது, காபி தளும்பியது. வெயில் என்று நினைத்தேன். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அதுவும் வெயில்தான் என்று நினைத்து, உப்பில்லாத மோரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் தள்ளாடி விழுந்தான். பேசினால் நாக்கு குழறியது. ஆட்டோவில் ஏற்றும்போது டிரைவர் கேட்டார், "இன்னாம்மா, பகல்லயே ஊத்திக்கினாரா?" அவரை நான் கண்டபடி ஏசிவிட்டேன். பாவம், பார்ப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று டாக்டர் கேட்டார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல் நான் முந்திக்கொண்டேன்.

"உப்பை அடியோட நிறுத்திட்டேன் டாக்டர், சித்திரையிலேயே."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உடம்புல உப்பு குறைஞ்சா, கிட்னி இந்த மருந்தை வெளியே விடாம பிடிச்சு வெச்சுக்கும்மா. நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

ஆஸ்பத்திரியில் லித்தியத்தை நிறுத்தி, அவன் கை நரம்பில் உப்புத்தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். என் சமையலறையில் நான் மறுத்ததுதான் அது. அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை. உயிர் பிழைத்தான். நடை ஓரளவு தேறியது. ஆனால் கை நடுக்கம் போகவில்லை, நாக்கும் முழுக்கத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லையும் உள்ளேயிருந்து தள்ளிக் கொண்டுவந்துதான் வெளியே விடுவான். கம்பெனியில் நல்ல மனிதர்கள், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஸ்டோர்ஸில் சாமான் எடுத்துக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். மசிப்பேனாக்களை அவனே பழைய துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தான்.

மார்கழியில் அவனுக்கு மறுபடி தூக்கம் போயிற்று. டாக்டரிடம் போனோம். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, லித்தியத்தையே சின்ன அளவில் மறுபடி ஆரம்பித்து, வாராவாரம் ரத்தம் பார்ப்பது. சாப்பாட்டில் உப்பு எல்லோருக்கும் போல இருக்கலாம். மனசு தெளியக்கூடும், ஆனால் கையும் பேச்சும் இன்னும் மோசமாகாது என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. இன்னொன்று, பழைய மாத்திரைகள். அதில் இந்த ஆபத்து இல்லை, அந்த மந்தம் உண்டு. எது சரி என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி, என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது வேணும்?"

இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முதல் எழுத்து வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கட்டிலும் பாட்டிலும் கண்ணுக்குள் வந்துவிட்டன.

"வேண்டாம் டாக்டர், பழைய மாத்திரையே போதும்" என்றேன்.

டாக்டர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். தம்பி வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அவர் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். அவன் முயன்றான். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை. ஒரு ஸ்டாப்பிங் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. லஸ் முனை வரும்போதுதான் அவன் சொல்லி முடித்தான்.

"நீதான் சொல்லிட்டியேக்கா."