டே கேர் பையனின் தொண்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. உங்களிடம் கொட்டினால்தான் இறங்கும் போலிருக்கிறது.

எங்கள் பிளாக்கில் மேல்வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். கீழ்வீட்டிலிருந்து சுதா, கணவர் குமரன், நாலு வயது மகன் கவின் வந்திருந்தார்கள். குமரனுக்குச் சுரங்கத்தில், அதாவது மைன்ஸில், பெர்மனென்ட் வேலை; ஷிப்ட் முறை. சுதா ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். அதனால் பையன் பகலில் டே கேரில்.

பலூன் உடைந்ததும் கவின் ஒரு கத்து கத்தினான் பாருங்கள்... சந்தோஷக் கத்தல்தான். ஆனால் நிறுத்தவே இல்லை. பிறந்தநாள் வீட்டு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

“டே கேர்ல விட்டு வளர்த்தா இப்படித்தான். அம்மா கூடவே இருந்தாத்தானே புள்ளைக்கு அடக்கம் வரும்?”

உடனே குமரன், அத்தனை பேர் முன்னால் — “நானும் வேலைய வுடு, வேலைய வுடுன்னு சொல்லிக்கினேதான் இருக்கேன். கேட்டாத்தானே?”

சுதாவின் முகம் செத்துவிட்டது.

“நாளைக்கே நின்னுடுறேன்... போதுமா?” என்றாள்.

படித்து, அலைந்து, பிடித்த வேலை. கேக்கைப் பங்கு போடுவதற்குள் போயிற்று!

ஏன், வீட்டில் வளர்கிற குழந்தை கத்தாதா? வேலைக்குப் போகாமல் நான் பொத்திப் பொத்தி வளர்த்த என் மகள், எதிர்வீட்டுப் பையனின் காதையே கடித்து வைத்தாள். ‘துறுதுறுன்னு இருக்கா’ என்று கொஞ்சினார்கள். அதையே டே கேர் குழந்தை செய்தால் மட்டும் வளர்ப்பு சரியில்லையா?

இந்தக் கவின் என் வீட்டுக்கு அடிக்கடி வருவான். வாசலிலேயே நின்று ரகசியக் குரலில் கேட்பான் — “ஆன்ட்டி, உள்ள யாராச்சும் தூங்குறாங்களா?” இல்லை என்ற பிறகுதான் சத்தம் வரும். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது. டி.வி. ஊமை. டே கேர் இல்லாத நாளில் ஓடினால் அதட்டல், சிரித்தால் அதட்டல். அப்படி வாயைப் பொத்தி வைத்த பிள்ளை, விட்ட இடத்தில் கத்தாமல் என்ன செய்யும்?

ஷிப்ட் பார்க்கிறவருக்குத் தூக்கம் வேண்டும்தான். யார் இல்லை என்றது? ஆனால் பழி ஏன் சுதாவின் வேலை மேல்?

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே கேட்டே விட்டேன்.

“சரி குமரன், சுதா வேலைய விட்டுடட்டும். டே கேரையும் நிறுத்திடுங்க. நீங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா, கவின் பகல் பூரா வீட்லதான் இருப்பான். சந்தோஷம்தானே?”

வாய்க்குப் போன கேக் பாதியில் நின்றது. யோசித்தார்.

“அது எப்படிங்க அக்கா... அப்ப நான் எப்பத் தூங்குறது?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

திங்கட்கிழமை சுதா வழக்கம்போல வேலைக்குப் போனாள். கவினை டே கேரில் கொண்டுபோய் விட்டது யார் தெரியுமா? குமரனேதான்!

பிள்ளையின் அடக்கத்துக்காகப் போகவிருந்த வேலை, அப்பாவின் தூக்கத்துக்காகப் பிழைத்தது — இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமாம்!